லக்னம் இல்லாத மாப்பிள்ளை

கரடியின் ஜாதகத்தில் ஒன்பது கிரகங்களும் ஒழுங்காக வந்து உட்கார்ந்திருந்தன. சூரியன் மீனத்தில், சந்திரன் கும்பத்தில், செவ்வாய் மிதுனத்தில். யாரும் விடுப்பு எடுக்கவில்லை. பன்னிரண்டு கட்டங்களில் ஏதாவது ஒன்றில் 'ல' என்று ஓர் எழுத்து விழுந்திருக்க வேண்டும். லக்னம். அதாவது, பிறந்த நிமிடத்தில் கிழக்கு அடிவானத்தில் எழுந்துகொண்டிருந்த ராசி. அந்த எழுத்து மட்டும் எங்கும் இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர் பெண்ணின் அப்பா. ரயில் கால அட்டவணை போடும் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வுபெற்றவர். அழைப்பிதழ் வந்தால் மற்றவர்கள் பெயரைப் பார்ப்பார்கள்; அவர் நேரத்தைப் பார்ப்பார்.

"தம்பி, இதுல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கே."

"பிரிண்டர்ல மை கம்மியா இருந்திருக்கும் சார்."

"மை கம்மின்னா சனியும் போயிருக்கணும். லக்னம் மட்டும் ஏன் போகுது?"

சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த அவர் மகள், "ஒரு எழுத்துதானேப்பா? பேனாவைக் குடுங்க, நான் போட்டுடறேன்" என்றாள்.

"காலிக் கட்டத்துல இஷ்டத்துக்கு எழுதினதுக்குத்தான் எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கு மாத்தல் வந்துது."

கரடி என்பது அம்மா வைத்த செல்லப்பெயர். ஆளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒட்டடைக் கொம்புக்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி இருப்பான். எழுத்தில் போகும் பெயர் வேறு. அதைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் பயன்படுத்தியது. அப்பா இரும்புச் சுரங்கத்தில் துளை போடும் இயந்திரம் ஓட்டிய காலத்தில், கடல் தாண்டி வடக்கே, வடக்கு என்றால் பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் வடக்கே, ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அதனால் கரடி. இப்போது லிஃப்ட் மெக்கானிக்.

அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை ஏழாவது மாடியில் இருந்தது. ஏழை அழுத்தினால் லிஃப்ட் எட்டில் நின்றது. கரடிக்குப் புகார் எழுதினாள். பதினோராவது புகாரில் புதிதாக 'வணக்கம்' சேர்ந்தது. பன்னிரண்டாவது கடிதம் லிஃப்டைப் பற்றியதே இல்லை.

இரண்டு வருடம் கழித்து விஷயம் வீட்டுக்கு வந்தபோது அவள் அப்பா ஒரு தடையும் சொல்லவில்லை. வேலை, குடும்பம், பல் வரிசை எல்லாம் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை. மகளுக்குச் செவ்வாய் தோஷம். தோஷம் உள்ள பெண்ணுக்குத் தோஷம் உள்ள மாப்பிள்ளைதான் வேண்டும். இரண்டும் மோதிச் சமனாகிவிடும். லக்னத்திலிருந்து எண்ணிக்கொண்டே போய்ச் செவ்வாய் எத்தனையாவது வீட்டில் இருக்கிறது என்று பார்த்தால் தோஷம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு என்றால் உண்டு. லக்னமே இல்லையென்றால் எங்கிருந்து எண்ணுவது?

"கெட்ட ஜாதகமா இருந்தாலும் பரவாயில்லைன்னு சொல்ற ஆள் இல்லை நான்," என்றார் அவர் வருத்தத்தோடு. "கெட்ட ஜாதகம்தான் வேணும்னு கேக்கற ஆள். அதுகூடக் கெடைக்கலைன்னா எப்படித் தம்பி?"

அன்று இரவு படுக்கும்போது, எனக்கு எப்படியாவது தோஷம் இருக்க வேண்டும் என்று கரடி மனதார வேண்டிக்கொண்டான்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஜோசியர் அக்காவிடம் போனார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு கணினி, இரண்டு நாற்காலி, சொட்டிக்கொண்டிருக்கும் ஏசி, அதன் கீழே ஒரு பக்கெட். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். பொய் சொல்லாத ஜோசியர் என்று பெயர் எடுத்தவர். அதனால்தான் அறையில் இரண்டு நாற்காலி போதுமானதாக இருந்தது. கரடி நின்றுகொண்டான்.

"மெஷின் தப்பு இல்லை," என்றார் அக்கா. "நான் கையாலயும் போட்டுப் பாத்துட்டேன். பூமியில ஊருக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கற மாதிரி வானத்துல கிரகத்துக்கும் பாகை, கலைன்னு, அதாவது டிகிரி, மினிட்னு விலாசம் இருக்கு. அது உலகத்துக்கே பொது. செவ்வாய் எங்கன்னு யார் கேட்டாலும் ஒரே பதில்தான். லக்னம் அப்படி இல்லை. அது உங்க ஊருக்கு, உங்க நிமிஷத்துக்கு."

கையிலிருந்த வளையலைக் கழற்றினார். பக்கெட்டை இழுத்து வைத்து, வளையலைச் சாய்வாகப் பாதி தண்ணீருக்குள் பிடித்தார்.

"தண்ணி மட்டம் அடிவானம். வளையல் ராசி வட்டம். பாதி மேல, பாதி உள்ள. கிழக்குப் பக்கம் தண்ணியைத் தொடற இடம் இருக்கே, அதுதான் லக்னம். வானம் சுத்தச் சுத்த இந்த இடம் மாறிக்கிட்டே இருக்கும். சரியா? இப்ப வடக்கே போங்க. போகப் போக வளையல் படுத்துக்கிட்டே வரும். அறுபத்தாறு பாகை முப்பத்துமூணு கலை அட்சரேகையில, ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, இப்படி."

வளையலைத் தண்ணீரின் மேல் மட்டமாகப் படுக்க வைத்துப் பிடித்தார்.

"எந்த இடம் தொடுது?"

"எல்லா இடமும்," என்றான் கரடி.

"அந்த நேரத்துலதான் தம்பி பிறந்திருக்கார்."

அவள் அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "எவ்வளவு நேரம்மா அது அப்படி இருக்கும்?"

"ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. அந்தக் கோடே வருஷத்துக்குப் பதினஞ்சு மீட்டர் நகர்ற கோடு. அந்த வருஷம் பாத்து பிரசவ வார்டுக்குள்ள இருந்திருக்கு."

"ஆயிரத்து நானூத்து நாப்பது நிமிஷத்துல ஒண்ணு," என்று அவர் கரடியை முதன்முதலாக மரியாதையோடு பார்த்தார்.

"முந்தின நிமிஷம் பிறந்திருந்தா தனுசு லக்னம். செவ்வாய் ஏழுல. தோஷம் உண்டு, இன்னிக்கே தட்டு மாத்திக்கலாம். அடுத்த நிமிஷம்னா மிதுனம். தோஷம் இல்லை. இவர் நடுவுல வந்துட்டார். தனுசுலேர்ந்து மிதுனம் வரைக்கும் அரை வட்டம் மொத்தமா ஒரே மூச்சுல எழுந்திருச்சிருக்கு. ஏழு ராசி. தனுசுல கொஞ்சம் விட்டுப்போச்சு, மிதுனம் ஒரு கால்தான் உள்ள வெச்சுது."

"அப்ப ஏழுல ஒண்ணை இவனே எடுத்துக்கட்டுமே!" என்றாள் அவள்.

"தேர்ந்தெடுத்தா அது விதி இல்லம்மா," என்றார் அப்பா. "விண்ணப்பம்."

சந்திரனை வைத்து எண்ணிப் பார்த்தார்கள். செவ்வாய் ஐந்தில், தோஷம் இல்லை. 'சூரியன் உதிக்கும்போது பிறந்தேன், சூரியன் மீனத்தில் இருந்தது, ஆகவே மீன லக்னம்' என்று கரடி ஒரு வாதம் வைத்தான். மீனம் என்றால் தோஷம் உண்டு. "அதே நொடியில இன்னும் ஆறு பேர் எழுந்தாங்களே, சூரியனுக்கு மட்டும் தனிக் கதவா?" என்று அக்கா கேட்டதும் வாதம் உட்கார்ந்துவிட்டது.

பெண்ணின் அப்பா பேனாவை எடுத்தார். கட்டம் போடாமல் அவரால் யோசிக்க முடியாது. ஏழு ராசியையும் வரிசையாக எழுதி, எதில் எத்தனை பாகை எழுந்தது, எதற்குத் தோஷம் உண்டு என்று நிரப்பினார்.

"தனுசுல இருபத்துநாலு, மீனம் முப்பது, ரிஷபம் முப்பது. இது மூணும் தோஷம். எண்பத்துநாலு. மொத்தம் நூத்தி எண்பது. அதாவது தம்பிக்கு நாப்பத்தாறு புள்ளி ஆறு ஏழு சதவீதம் தோஷம் இருக்கு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"பாஸ் மார்க் முப்பத்தஞ்சுதானே சார்?" என்றான் கரடி.

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "அப்படிப் பாத்தா…" என்று இழுத்தார். "அப்படிப் பாத்தா பாஸ்தான், மாப்பிள்ளை."

மாப்பிள்ளை! நாற்காலிக்குப் பின்னால் அவள் கரடியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஏசி இரண்டு சொட்டு சொட்டியது. அக்கா தொண்டையைச் செருமினார்.

"ஒரு விதிவிலக்கு இருக்கு. ரிஷப லக்னத்துக்கு ரெண்டாம் வீடு மிதுனம். ரெண்டாம் வீடு மிதுனமா இருந்தா அங்க இருக்கற செவ்வாய்க்குத் தோஷம் கிடையாது."

"அக்கா, இதை இப்பவே சொல்லணுமா?"

"பிற்பாடு சொன்னா தப்பாயிடும் தம்பி."

ரிஷபத்தின் முப்பதை அடித்தார்கள். ஐம்பத்துநாலு. நூற்று எண்பதுக்கு ஐம்பத்துநாலு. முப்பது சதவீதம்.

"அஞ்சு மார்க்குல போச்சே," என்றார் அவர், சொந்தப் பிள்ளை தோற்ற மாதிரி.

"பரிகாரம் ஏதாவது…" என்றாள் அவள்.

"பரிகாரம் எல்லாம் தோஷத்தைக் கழிக்கத்தாம்மா. சேக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

கிளம்பும்போதுதான் அக்கா இன்னொன்று சொன்னார். பிறந்த நேரமே தெரியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கேள்வி கேட்கிற நேரத்தை வைத்துக் கட்டம் போட்டுப் பலன் பார்க்கலாம். ஆனால் அது தெரியாதவர்களுக்கு. இவருக்கோ சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது. சான்றிதழில் காலை ஆறு பன்னிரண்டு என்று இருக்கிறது. அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து கொண்டுவந்து கொடுத்தவனே கரடிதான்.

படி இறங்கும்போது பெண்ணின் அப்பா அவன் தோளைத் தொட்டார். அவருக்கும் இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும். "ஆஸ்பத்திரிக்காரங்க எழுதற நிமிஷம் எல்லாமே தோராயம்தான் தம்பி. பெத்தவங்க 'எனக்குச் சரியா ஞாபகம் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா, உங்களை நேரம் தெரியாதவர் கணக்குல சேத்துடலாம். அப்புறம் அந்தக் கட்டத்துல என்ன வருதோ அதுக்கு நான் கட்டுப்படறேன். நாளைக்கு உங்கம்மாவைப் பாக்க வர்றேன்."

கரடி பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றான். எவனாவது ஒரு வில்லன் இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். மாமனார் நல்லவர். ஜோசியர் நாணயமானவர். சூரியன், சந்திரன், செவ்வாய் எல்லாரும் அவரவர் இடத்தில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் யோக்கியமாக இருந்தால் ஒரு மனிதன் எங்கே போய்ச் சண்டை போடுவான்?

மிச்சம் இருந்தது அம்மா.

அம்மா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து அளந்து கொடுப்பவள். வீட்டில் துணி சோப்புத்தூளைக்கூடக் கோடு பார்த்துத்தான் போடுவாள். அப்பா இந்தக் கதையில் அதிகம் வரமாட்டார், வீட்டிலும் அப்படித்தான்.

"ஞாபகம் இல்லைன்னு சொல்லணுமா?" என்றாள் அம்மா. கையில் இருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "உன்னைப் பெத்தது எனக்கு ஞாபகம் இல்லைன்னு?"

"பெத்தது இல்லம்மா. நேரம் மட்டும்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. உங்கப்பா சுரங்கத்துக்குள்ள. சொல்லி அனுப்பக்கூட ஆள் இல்லை. டாக்டர், நர்ஸ் யார் பேசறதும் எனக்குப் புரியலை. சுவர் பூரா என்னென்னவோ எழுதி ஒட்டியிருந்தாங்க, ஒரு எழுத்து தெரியாது எனக்கு. அந்த ரூம்ல எனக்குப் படிக்கத் தெரிஞ்ச ஒரே விஷயம் கடிகாரம்தான். ராத்திரி பூரா அதைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

லிஃப்ட் என்றால் எந்தக் கம்பி அறுந்தால் எந்தப் பிரேக் பிடிக்கும் என்று கரடிக்குத் தெரியும். இங்கே எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

அம்மா தட்டை அடுக்கில் வைத்தாள். "சரி. சொல்றேன். உனக்காக."

"ஒரு தடவை சொல்லிப் பாக்கறியா?"

"பொய் சொல்ல ஒத்திகை வேறயா? போய்ப் படு."

ஞாயிறு சரியாகப் பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பெண்ணின் அப்பா பேனாவும் நோட்டுமாக வந்தார், பின்னால் அவள். கரடியின் அப்பா எல்லாருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு, கடமை முடிந்தவராக உள்ளே போய்விட்டார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கறேம்மா," என்றார் அவர் கனிவாக. "தம்பி பிறந்த நேரம் உங்களுக்கு அவ்வளவு துல்லியமா ஞாபகம் இருக்க நியாயம் இல்லை."

"இல்லைங்க," என்றாள் அம்மா. "எனக்குச் சரியா… எனக்கு அவ்வளவா ஞாபகம்…"

அம்மா தரையைப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. நோட்டில் 'நேரம் தெரியாது' என்று எழுத அவர் பேனாவை வைத்துவிட்டார். அந்த மௌனம் அம்மாவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று, நல்ல மனிதர், நடுவில் ஒரு வார்த்தை போட்டார்.

"அந்த மாதிரி இடத்துல கடிகாரம்கூட இருந்திருக்காது, பாவம்."

"ஏன் இல்லாம?" என்றாள் அம்மா. "இவ்வளவு பெருசு! வெள்ளைக் கடிகாரம், நம்பரே கிடையாது, கோடுதான். சிவப்பா நொடி முள்ளு. அது ஒரு விசித்திரம்ங்க, சுத்தி மேல வந்ததும் கொஞ்சம் நிக்கும். யாரோ உத்தரவு குடுக்கணும்ங்கற மாதிரி. அப்புறம் நிமிஷ முள்ளு டக்குனு ஒரு குதி குதிக்கும், இதுவும் கிளம்பும்."

பேனா நோட்டிலிருந்து எழுந்தது. "நின்னுட்டுக் கிளம்புமா?"

"ஆமா. ஒவ்வொரு நிமிஷமும்."

"அம்மா! அது தலைமைக் கடிகாரத்தோட இணைச்ச கடிகாரம்மா! எங்க ஸ்டேஷன்ல எல்லாம் அதுதான். அந்த உத்தரவு தலைமை ஆபீஸ்லேர்ந்து கம்பி வழியா வரும். ஆயிரம் கடிகாரம் ஒண்ணா குதிக்கும்!"

"அப்படியா! நான் அது ரிப்பேர்னு நெனச்சேன்."

"ரிப்பேரா? அதை விடச் சரியான கடிகாரம் உலகத்துலயே கிடையாது. நீங்க எத்தனை மணிக்கு…"

"வலி எடுத்தது ஒம்பது நாப்பதுக்கு. இவன் தலை தெரிஞ்சுதுன்னு நர்ஸ் கைகாட்டினப்ப ஆறு நாலு. நிமிஷ முள்ளு குதிச்சு ஆறு பன்னிரண்டுல நின்னுது, இவன் அழுதான். சூரியன் ஜன்னல் விளிம்புல உக்காந்திருந்துச்சு. நர்ஸ் எழுதறப்போ ஆறு பதினொண்ணுன்னு எழுதினா. நான் விடலையே! பாஷை தெரியாது, விரலால காமிச்சேன். அடிச்சுட்டுச் சரியா எழுத வெச்சேன் சம்பந்தி!"

சம்பந்தி என்ற சொல் கூடத்தின் நடுவே விழுந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

ஆறு பதினொன்று என்றால் தனுசு. யாரோ ஒரு நர்ஸ், பெயர்கூடத் தெரியாத மகராசி, கரடிக்குக் கல்யாணம் செய்து வைக்கப் பார்த்திருக்கிறாள்.

"திருத்தினது ரொம்பச் சரி," என்றார் பெண்ணின் அப்பா மெதுவாக. "தப்பான நேரத்தை எழுத விடக்கூடாது." நோட்டில் ஆறு பன்னிரண்டு என்று எழுதி, அடியில் கோடு போட்டார். போட்ட பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். அவள் கை வாய்க்குப் போயிற்று.

"அப்ப…" என்றாள்.

"ஆமாம்மா," என்றார் அவர். "சந்தேகமே இல்லை."

பிறகு அம்மா எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், அந்தக் கடிகாரத்தின் அகலம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். அம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பேச்சு தொடங்கிவிட்டது.

கரடியும் அவளும் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள்.

"உங்கம்மா கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள்.

"உங்கப்பா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்."

"அதான் பிரச்சனையே."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். "எங்கப்பா சிரிக்கறாரா அது?"

"எங்கம்மா இந்தக் கதையை எங்கிட்டயே இவ்வளவு விவரமா சொன்னதில்லை."

"பதிவு ஆபீஸ் நாளைக்குத் திறந்திருக்கும் கரடி."

"திறந்திருக்கும்."

"போலாமா?"

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் அப்பா நோட்டில் ஒரு வட்டம் வரைந்து, கம்பி எப்படிப் போகும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அந்தப் பிரசவ அறைச் சுவரில் எழுதியிருந்ததெல்லாம் என்ன என்று இத்தனை வருடம் கழித்து ஒருவர் படித்துச் சொல்வதைப் போலக் கேட்டாள்.

"இவங்க முகத்துல எப்படி முழிக்கறது?" என்றான்.

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ தீர்ந்து வெகுநேரம் கழித்து அவள் அப்பா வெளியே வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கரடியின் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"இப்படி ஒரு வீட்டுல சம்பந்தம் பண்ணக் கொடுத்து வெச்சிருக்கணும் தம்பி," என்றார். "எனக்குக் கொடுத்து வெக்கலை."

இரண்டு படி இறங்கியவர் ஏதோ ஞாபகம் வந்து நின்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்னு அம்மாகிட்டச் சொல்லியிருக்கேன். அந்த மாதிரிக் கடிகாரத்தோட வரைபடம் ஒண்ணு வீட்டுல இருக்கு. அவங்களுக்குக் காட்டணும்."

"நானும் வரலாமாப்பா?" என்றாள் அவள்.

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"வேண்டாம்மா," என்றார். "கல்யாணப் பேச்சு நின்னுபோன வீடு. நல்லா இருக்காது."